கைப்பிடியில் தொங்கிய தொப்பி

மதியம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிய மெர்வின் டல்லக், பட்டறை வாசலிலேயே நின்றுவிட்டான். காரின் முன்னால் நீட்டியிருந்த இரும்புக் கைப்பிடியில் ஒரு சாம்பல் நிறத் தொப்பி தொங்கிக்கொண்டிருந்தது. லெஸ்ஸின் தொப்பி. அவனுடைய கூட்டாளி லெஸ் செத்துப் பதினொரு மாதமாகிறது. அன்றிலிருந்து அது சுவரில் ஒரு ஆணியில்தான் கிடந்தது, யாரும் தொட்டதில்லை.

அந்தக் காலத்துக் காரைக் கிளப்ப, ரேடியேட்டருக்குக் கீழே இருக்கும் அந்தக் கைப்பிடியைச் சுழற்ற வேண்டும். கட்டைவிரலை மற்ற விரல்களின் பக்கமே வைத்துப் பிடிக்க வேண்டும். சுற்றிப் பிடித்தால், எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைக்கும்போது விரல் ஒடிந்துவிடும். மெர்வினின் வலது கட்டைவிரல் அப்படி ஒடிந்து, கோணலாகவே கூடியது. 1913இல் அவனும் லெஸ்ஸும் ஊரின் பழைய கொல்லன் உலைக்கூடத்தை வாங்கி மோட்டார் பட்டறையாக்கியபோது, தரையில் ஆள் உயரத்துக்கு ஒரு குழி வெட்டினார்கள். காரை அதன் மேல் நிறுத்தினால் அடியில் நின்று வேலை பார்க்கலாம். குழியில் இறங்குபவன் தன் தொப்பியைக் கைப்பிடியில் மாட்டிவிட்டு இறங்குவான். தொப்பி தொங்கும்வரை வண்டியை யாரும் கிளப்பக் கூடாது. ஏனென்றால் எஞ்சின் புகை குழியில் தேங்கும். அதிலுள்ள நஞ்சுக்கு மணம் கிடையாது, தூங்குகிறவனை எழுப்பாது.

போன பிப்ரவரியில், புழுதிப் புயல் அடித்த ஒரு நாள், லெஸ் இரண்டு பாட்டில் பீர் குடித்துவிட்டுக் குழிக்குள் படுத்துத் தூங்கினான். ஊரிலேயே குளிர்ச்சியான இடம் அதுதான். தொப்பியை மாட்டிவிட்டுத்தான் இறங்கியிருந்தான். “மறந்துட்டுப் போயிட்டான் போல,” என்று மெர்வின் அதை எடுத்து ஆணியில் மாட்டினான். பழுது பார்த்த எஞ்சினைச் சோதிக்க ஓடவிட்டு, புழுதி வராமல் கதவுகளை அடைத்துவிட்டுச் சாப்பிடப் போனான். விசாரணையில், கைப்பிடியில் தொப்பியே இல்லை என்று சத்தியம் செய்தான்.

“என்ன பேயறஞ்ச மாதிரி நிக்கிற?”

பின்னால் லெஸ்ஸின் மனைவி ஐவி, கையில் பெட்டியோடு. கார் அவளுடையது. இன்றோடு ஊரை விட்டே போகிறாள்.

“இந்தத் தொப்பிய நீயா மாட்டின?”

“நான் எதுக்குத் தொடப்போறேன்? சீக்கிரம் கிளப்பு. மேக்கால வானம் செவந்து கெடக்கு. புழுதி வர்றதுக்குள்ள அக்கா வீட்டுக்குப் போய்ச் சேரணும்.”

அவன் கை நீண்டது. நின்றது.

“எடு, மெர்வின். ஒரு தடவ எடுத்த கைதானே?”

“ஐவி, நான் அன்னிக்கே சொன்னேனே...”

“வீட்ல கட்டிலுக்கு அடியில செருப்பு தேடினாக்கூட, தொப்பியக் கட்டில் கால்ல மாட்டிட்டுக் குனியிற ஆளு அவரு. அவரா மறப்பாரு?” அவள் கண் இமைக்கவில்லை. “குழிக்குள்ள யாரும் இல்லன்னா, எறங்கிப் பாத்துட்டு எடு. இந்தத் தடவையாவது.”

சொல்லிவிடலாம். ஒரே ஒரு வாக்கியம். அதற்குப் பதிலாகத் தன் தொப்பியை லெஸ்ஸின் தொப்பி மேல் மாட்டிவிட்டு, மெர்வின் ஏணியில் இறங்கினான்.

பழைய எண்ணெயின் வாடையும் ஈரமண்ணின் வாடையும் மூக்கில் ஏறின; அவற்றினூடே, மெலிதாக, புளித்த பீரின் வாடை. மேலே தகரக் கூரை முனகத் தொடங்கியது. பிறகு மூட்டை மூட்டையாகக் கோதுமையைக் கொட்டுவதுபோல் அதன் மேல் புழுதி கொட்டியது. வெளிச்சம் சிவந்து, பழுப்பாகி, அணைந்தது. பெரிய கதவுகள் அறைந்து மூடின.

“ஐவி!”

நாக்கில் மண் நறநறத்தது.

அவன் காலடியில் யாரோ குறட்டை விட்டார்கள். மெதுவாக. நிம்மதியாக.

ஏணியைத் துழாவினான். சுவர். சுவர். மறுபடி சுவர்.

மேலே பூட்ஸ் ஓசை. நிதானமான நடை. காரின் முன்னால் வந்து நின்றது.

“மறந்துட்டுப் போயிட்டான் போல.”

மெர்வினின் குரல்.

கத்தினான். சத்தம் வரவில்லை. தலைக்கு மேல், முன் அச்சுக்கு அப்பால், ஒரு கீற்று வெளிச்சம். அதில் ஒரு கை தெரிந்தது. இரண்டு தொப்பிகளையும் எடுத்தது. திரும்பி வந்து கைப்பிடியைப் பற்றியது. கட்டைவிரலைக் கவனமாக மற்ற விரல்களின் பக்கம் ஒதுக்கி வைத்தது.

கோணலான கட்டைவிரல்.