நாலு பேருக்குப் படுக்கை

கல்லில் ஊற்றிய தோசை வேகிற நேரத்துக்குள் பேசி முடித்துவிடலாம் என்றுதான் கலைமகள் போனை எடுத்தாள்.

"உங்க ஆளு வந்துட்டாங்கம்மா," என்றார் படகு வீட்டுக்கார ஜானகிராமன். "போட்டுலயே எறக்கி வுட்டுட்டேன். நீங்க கவலப்படாதீங்க."

"எங்க ஆளா? நாங்க சனிக்கெழமதான வர்றோம். இன்னிக்கி வியாழக்கெழமதான ஆவுது."

"நீங்க சனிக்கெழமயே வாங்க. கூட வர்ற அந்தம்மா மட்டும் முன்னாடியே வந்துட்டாங்க. அஞ்சலாட்சின்னு பேரு சொன்னீங்களே, அவங்கதான்."

போனுக்குள் கடல் இரைந்தது. சவுக்குத் தோப்பில் காற்று நுழைந்து போகிற சத்தமும், எங்கோ ஒரு நாய் விடாமல் குரைப்பதும் கேட்டன. கலைமகள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"பாவம், பல்லுவலி போலக்குது. வெள்ளத்துணியால தாடையச் சேத்து உச்சந்தலையில முடிச்சி போட்டுக்கினு இருக்காங்க. டீ குடுத்தேன், வேணான்னுட்டாங்க. சரி, வெச்சிடறேன்மா."

தோசை கருகி வீடெல்லாம் புகைந்த பிறகுதான் அவளுக்கு அடுப்பின் நினைவே வந்தது.

அந்தப் படகு வீட்டைக் கண்டுபிடித்ததே மகள் தமிழுதான். செந்தமிழ்ச்செல்வி என்று கலைமகளின் கணவன் அன்பழகன் ஆசை ஆசையாக வைத்த பெயர், மூலக்குளத்தில் அந்தத் தெருவுக்கே தமிழு ஆகிவிட்டது. ஏழு வயது. கார்த்திகை மழையில் டெங்கு வந்து, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிழிந்த நார் மாதிரி கிடந்தபோது, அப்பாவின் போனில் ஒரு வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். கனகசெட்டிக்குளத்தில், கடலோரச் சவுக்குத் தோப்புக்குள், ஓய்ந்துபோன ஒரு விசைப்படகை ஏற்றி நிறுத்தி, ஐஸும் மீனும் கொட்டிவைத்த அதன் அடித்தட்டில் கட்டிலும் விளக்கும் போட்டு ஒருவர் வாடகைக்கு விடுகிறார். வட்ட ஜன்னலைத் திறந்தால் கடல். ரத்தத்தில் ஏதோ ஒரு கணக்கு இறங்கிக்கொண்டே போகிறது என்று டாக்டர் உதட்டைப் பிதுக்கிய அன்று, கலைமகள் பிள்ளையின் காதில் சொன்னாள்: "நல்லாயிடு கண்ணு. உன்ன அந்த போட்டுக்குள்ளயே தூங்க வெக்கிறேன்." பிள்ளை நல்லாகிவிட்டது. கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டாமா?

பொங்கல் கழிந்ததும் நாள் குறித்தார்கள். சனிக்கிழமை சாயந்திரம் பைக்கில் போவது, ராத்திரி தங்குவது, ஞாயிறு காலையில் கடலில் கால் நனைத்துவிட்டுத் திரும்புவது. தமிழு தினமும் ஒரு தடவை பையை அடுக்கிப் பிரித்து மறுபடி அடுக்கினாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது, ஆள் கணக்கைத் தவிர. மூன்று பேராக எங்கேயும் கிளம்பக் கூடாது என்று கேட்டு வளர்ந்தவள் கலைமகள்.

"ஒரு கல்ல எடுத்து பையில போட்டுக்கோ, நாலாயிடும். இதுக்குப் போயி மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு இருக்கியே," என்று சிரித்தான் அன்பழகன். மூன்று பேர் கிளம்புகிற வீடுகளில் வழக்கமாகச் செய்வது அதுதான். ஆனால் இப்போதுதான் எமன் வாயிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்த பிள்ளைக்கு ஒரு கல் போதுமா? பெற்றவள் மனசு கேட்கவில்லை. படகைப் பேசி முடிக்க ஜானகிராமனுக்குப் போன் செய்தபோது, நாலு பேர் என்றே சொல்லிவிட்டாள்.

அன்றைக்கு வீட்டுக்குள் டவர் சரியாகக் கிடைக்கவில்லை, கேட்டருகே நின்றுதான் பேசினாள். போலீஸ் வந்து கேட்டால் சொல்ல வேண்டும், நாலு பேர் பெயரையும் கொடுங்கள் என்றார் அவர். மூன்றைச் சொன்னாள். நாலாவதற்கு யார் பெயரைச் சொல்வது? உயிரோடு இருக்கிறவர்கள் பெயரைப் பொய்யாகச் சொல்லி, நாளைக்கு அவர்களுக்கு ஒன்று ஆகிவிட்டால் பாவம் யாருக்கு? தெருவைப் பார்த்துக்கொண்டே வாய்க்கு வந்த பெயரைச் சொன்னாள். "நாலு பேருக்கும் படுக்க போட்டு வெச்சிடறேம்மா," என்றார் அவர்.

வாய்க்கு வந்த பெயர். அது எங்கிருந்து வந்தது?

கருகிய தோசையைக் கல்லோடு அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள். அன்றைக்கு நின்ற அதே இடத்தில், கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தாள். எதிர்ப்புறம் காலி மனையின் மதில் சுவர். சுவரில் மழையில் ஊறி, வெயிலில் வெளுத்து, பாதி கிழிந்த போஸ்டர் ஒன்று. அப்படி எத்தனையோ போஸ்டர்கள், யார் நின்று படிக்கிறார்கள்? ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண், மூக்குத்தி போட்டவள், சிரிக்காத முகம். தலைக்கு மேலே கண்ணீர் அஞ்சலி. முகத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில் அஞ்சலாட்சி.

செத்தவள் பெயரைச் சொல்லி, தன் பிள்ளையோடு தங்கக் கூப்பிட்டிருக்கிறாள்.

தாடைக்கட்டு என்றால் என்னவென்று கலைமகளுக்குத் தெரியும். மில் வேலை பார்த்த அப்பா செத்த அன்று, வாய் திறந்துகொள்ளாமல் இருக்க அவருடைய வேட்டியிலிருந்தே நீளமாக ஒன்று கிழித்துத் தாடைக்கும், குட்டையாக ஒன்று கிழித்துக் கால் கட்டைவிரல் இரண்டுக்கும் கொடுத்தவள் அவள்தான். துணி கிழிந்த அந்தச் சத்தம் இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

அன்றைக்குச் சாயந்திரம் அன்பழகன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னான்: "யாரோ வழி தவறிப் போன அம்மா, எடம் கெடச்சிதுன்னு ஒக்காந்துக்கினு இருக்கும். நீ சொன்ன பேர அந்தாளே எடுத்துக் குடுத்திருப்பாரு, அதுவும் ஆமான்னிருக்கும். புள்ளைய வெச்சிக்கினு இப்பிடிலாம் பேசாத."

அப்படியும் இருக்கலாம். அப்படி இருந்துவிட்டால் நல்லது என்று வேண்டிக்கொண்டே படுத்தாள்.

வெள்ளிக்கிழமை, தமிழுவைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத் திரும்பும்போது ஜானகிராமன் மறுபடியும் கூப்பிட்டார். குரலில் நேற்றைய கலகலப்பு இல்லை.

"அந்தம்மா ஒண்ணும் சாப்புட மாட்டேங்கறாங்கம்மா. ஆனா படுத்த எடத்துல அரிசியா கெடக்குது. பச்சரிசி. வாயிலேர்ந்து உழுவுது போல. நடையும் சரியில்ல, ரெண்டு காலையும் சேத்துவெச்சி இத்தினி இத்தினியா நவுர்றாங்க." குரலைத் தாழ்த்தினார். "கொழந்தைக்கு ஜொரம் சுத்தமா வுட்டுடுச்சான்னு கேட்டாங்க. தன் பக்கத்துலயே படுக்க வெச்சிக்கறாங்களாம்."

காய்ச்சலைப் பற்றி அவள் அவரிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"நாங்க வரலிங்க," என்றாள். நடு ரோட்டில் நின்றுகொண்டிருந்தாள். பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே ஒதுங்கிப் போனது. "யாருமே வரல. எங்களுக்கு அந்த எடமே வேணாம்."

"சரிம்மா. அவங்ககிட்ட சொல்லிடறேன்."

சொல்லாதீர்கள் என்று கத்துவதற்குள் போனை வைத்துவிட்டார்.

விளக்கு வைக்கிற நேரத்தில் அவரே கூப்பிட்டார். "சொல்லிட்டேம்மா. கோவமெல்லாம் படல. அவங்க வராட்டி என்ன, நான் போயி இட்டுக்கினு வர்றேன்னாங்க. நடந்தே கெளம்பிட்டாங்க. பஸ் ஏத்தி வுடறேன்னேன், கேக்கல." பிறகு, தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல, "போட்டுல ஒரு வாட, போவ மாட்டேங்குதும்மா. சாம்பிராணியும் பன்னீரும்," என்றார். லைன் அறுந்தது.

இதை அன்பழகனிடம் சொன்னதுதான் அவள் செய்த தப்பு. அவனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா? அந்தம்மாவே கெளம்பிடுச்சி. போட் காலியாதான இருக்குது? இனிமே இன்னா பயம்? புள்ள எவ்ளோ ஆசையா இருக்குது, அத அழ வெக்கப் போறியா? நாளைக்கி மத்தியானம் ஷிப்ட் முடிஞ்சி வர்றேன், கெளம்பி ரெடியா இருங்க."

கனகசெட்டிக்குளத்திலிருந்து மூலக்குளத்துக்கு எவ்வளவு தூரம்? பஸ்ஸில் போனால் முக்கால் மணி, ஒரு மணி. கால் கட்டைவிரல்களைக் கட்டியிருந்தால்? அந்தக் கணக்கைப் போட அவள் மனசு மறுத்தது, மறுத்துக்கொண்டே போட்டது. பெரிய ரோட்டின் ஓரமாக, லாரிகள் வெளிச்சம் அடித்துத் தாண்டிப் போக, சிந்துகிற அரிசியோடு, ஒரு வெள்ளைக் கட்டு மட்டும் நகர்ந்து நகர்ந்து வருவது கண்ணை மூடினால் தெரிந்தது.

சனிக்கிழமை காலையில் அவன் வேலைக்குப் போனதும், ஒரு சொம்புத் தண்ணீரும் தோசைத் திருப்பியும் எடுத்துக்கொண்டு எதிர் மதிலுக்குப் போனாள். தண்ணீரை ஊற்றி ஊற்றிச் சுரண்டினாள். ஊறிய பசை புளித்து நாறியது. பெயர் போனது. மூக்குத்தி போனது. கண்கள் மட்டும் சுவரோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தன, அவற்றையும் நகத்தால் கீறி எடுத்தாள். எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வந்து அடுப்பில் கொளுத்தினாள். பின்கதவுக்குத் தாழ்ப்பாள். ஜன்னல்களுக்குக் கொக்கி. கேட்டுக்குப் பூட்டு. தமிழுவுக்குச் சோறு ஊட்டி, உள்ளறையில் படுக்க வைத்து, ஃபேனைப் போட்டுவிட்டு, கூடத்து ஜன்னலருகே ஒரு நாற்காலியைப் போட்டுத் தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். அன்பழகன் வரட்டும். காலில் விழுந்தாவது தடுத்துவிடலாம். எந்தக் கடலும் வேண்டாம், எந்தப் படகும் வேண்டாம், பிள்ளை இருந்தால் போதும்.

மத்தியான வெயிலில் தெரு வெறிச்சென்று கிடந்தது. எதிர் மதிலில் ஈரம் காய்ந்து, சுரண்டிய இடம் மட்டும் ஒரு ஆள் முகத்தின் அளவுக்கு வெள்ளையாகத் தெரிந்தது. பால்காரர் வீட்டு மாடு நிழலில் அசைபோட்டது. யாரும் வரவில்லை. முனைவரைக்கும் பார்த்தாள். யாருமே வரவில்லை. உள்ளறையில் ஃபேன் சுற்றுகிற சத்தம் மட்டும் சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. ஸர்ர். ஸர்ர். காலையில் அவள் அடுப்பைப் பற்றவைத்தபோதும் அது கேட்டது. தமிழுவுக்குச் சோறு ஊட்டும்போதும் கேட்டது.

கரண்ட் போனது. கூடத்து ஃபேன் நின்றது.

ஸர்ர்.

ஸர்ர்.

நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிக்கொண்டாள். அரிசி மூட்டையைத் தரையில் இழுக்கிற மாதிரி. இத்தினி இத்தினியாக. உள்ளே. அவள் தெருவைக் காவல் காத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அது முன்னாடியே வந்துவிடுகிற ஆள் என்று ஜானகிராமன் முதல் நாளே சொன்னாரே!

சத்தம் நின்றது. கட்டில் ஒரு தரம் முனகியது.

எழுந்தாள்.   உள்ளறை வாசற்படியில் காலில் ஏதோ குத்தியது. பச்சரிசி. ஈரமாக இருந்தது. சாம்பிராணி வாடை. பன்னீர் வாடை.

"தமிழு?"

பிள்ளை கட்டிலின் ஓரத்தில் சுவரோடு ஒட்டி, நீட்டிப் படுத்திருந்தாள். கண் மூடியிருந்தது. கைகள் நெஞ்சின் மேல். தாடையைச் சுற்றி வெள்ளைத்துணி, உச்சந்தலையில் முடிச்சு. கால் கட்டைவிரல்கள் இரண்டும் சேர்ந்து. கீழே, பொங்கலுக்கு எடுத்த அன்பழகனின் வேட்டி, பாதி கிழிந்து கிடந்தது.

மார்பு ஏறி இறங்குகிறதா? ஏறி இறங்கியது. ஐயோ, என் கண்ணே. கலைமகள் பாய்ந்து போய்க் கால் முடிச்சைப் பிடித்தாள். நகம் நுழையவில்லை. பல்லால் கடித்தாள். வரவில்லை.

"அவுக்காதம்மா." கண்ணைத் திறக்காமல், பல்லைக் கடித்தபடியே, பிள்ளை சொன்னாள். உதட்டோரத்திலிருந்து இரண்டு அரிசி உருண்டு விழுந்தன. "நாலு பேரும் இப்பிடித்தான் போணுமாம்."

அப்போதுதான் அவள் நிமிர்ந்து கட்டிலைப் பார்த்தாள். விரிப்பு சுருக்கமில்லாமல் நீவி விடப்பட்டிருந்தது. வரிசையாக நாலு தலையணை. வீட்டில் இருந்ததே மூன்று. ஒன்றில் தமிழு. அடுத்த இரண்டின் மேலும் மடித்து வைத்த துணி: ஒரு நீளத் துண்டு, ஒரு குட்டைத் துண்டு. பக்கத்தில் மறுபடியும் ஒரு நீளம், ஒரு குட்டை.

வாசலில் பைக் வந்து நின்றது. ஹாரன் இரண்டு தடவை.

"கலை! கேட்ட ஏன் பூட்டி வெச்சிருக்க? கெளம்பலாமா?"

நாலாவது தலையணையில் யாரும் இல்லை. அது நடுவில் மெதுவாக, ஒரு தலை சாய்கிற அளவுக்கு, அமுங்கியது.