கிறிகோரியின் வள்ளம்

இத்தாலியின் பலேர்மோ நகரில், வுச்சீரியாச் சந்தைச் சந்துக்கு மீன் வாசம் புதிதல்ல. ஆனால் சந்தை ஓய்ந்த அந்த மத்தியானம் கதவின் கீழால் வந்தது மீன் வாசமில்லை. சேறும் டீசலும் கலந்த, யாழ்ப்பாணக் கடனீரேரியின் வாசம். தெற்கிலிருந்து வீசிய சிரோக்கோ அனற்காற்று பகலையே மண்ணிறமாக்கியிருந்தது. யன்னற் பலகைகளை இறுக்கிச் சாத்தியும் எங்கிருந்தோ ஓர் உறுமல் சுவரில் ஏறி, பாத்திரங்களில் நடுங்கி, கட்டிற் சட்டம் வழியாகப் பெர்னதெத்தின் பல்லுக்குள் வந்து நின்றது.

அந்த உறுமலை அவள் அறிவாள். சண்டைக் காலத்தில் ஏரியைக் கடந்த இரவு, வெளிச்சமில்லாமல் போன மரவள்ளங்கள் மேல் கடற்படையின் இரும்புக் கப்பல் இப்படித்தான் உறுமிக்கொண்டு ஏறியது. கணவன் பீலிக்ஸ் வள்ளம் ஓட்ட, அவள் அடியில் முகங்குப்புறக் கிடந்தாள். இயந்திரம் பழுதாகிப்போன, அவள் தம்பி கிறிகோரியின் வள்ளத்தைப் பின்னால் கட்டி இழுத்து வந்தார்கள். கயிறு அறுந்துதான் தம்பியின் வள்ளம் கப்பலில் அடிபட்டது என்று பிறகு பீலிக்ஸ் சொன்னான். அவள் நம்பினாள். அந்த நம்பிக்கையோடுதான் பலேர்மோவுக்கு வந்து, சிஞ்ஞோரா என்று அழைக்கும் வீட்டுக்காரிகளின் வீடு துடைத்து, அவனுக்குச் சமைத்துப் போட்டாள்.

பீலிக்ஸ் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் வியப்பில்லை.

"இஞ்சருங்கோ, உங்களுக்கும் கேக்குதோ?"

"ஓம். கன நாளாக் கேக்குது. இப்ப கிட்ட வந்திட்டுது."

அவள் கட்டிலை விட்டு எழுந்தாள்.

"கயிறு அறேல்லை, பெர்னதெத். நான்தான் வெட்டினனான். ரோச் லைற்றை எரியவிட்டு அவன்ரை வள்ளத்துக்குள்ளை எறிஞ்சனான். கப்பல் வெளிச்சத்துக்குத்தானே போகும்."

"அவன் உங்களை அத்தான் எண்டெல்லே கூப்பிட்டவன்."

சுவர் அதிர்ந்தது. சுண்ணாம்பு உதிர்ந்தது. பீலிக்ஸ் எழுந்து வந்தான். அணைத்துக்கொள்ளப் போகிறான் என்றுதான் நினைத்தாள். அவள் கைக்குள் குளிர்ந்த எதையோ திணித்தான். எரியும் ரோச். கதவு திறந்தது. ஒரு தள்ளு.

முதுகுக்குப் பின்னால் தாழ்ப்பாள் விழுந்தது.

சந்தில் ஆளில்லை. இரு பக்கத்து மாடங்களையும் உரசிக்கொண்டு கப்பலின் இரும்பு முகப்பு வந்தது. மெதுவாக. அதில் நொறுங்கிய பலகைகள் அப்பியிருந்தன. பலகைகளுக்கு நடுவே கிறிகோரி. கண்கள் அவள் மேல்.

"அக்கா, வெளிச்சத்தை நூருங்கோ."

அவள் ரோச்சின் பொத்தானை அழுத்தினாள்.

திரும்பவும் அழுத்தினாள்.

அணையவில்லை.