நரிகள் இருந்த மாடி

நரி இருமும் என்று லோகேஸ்வரிக்குத் தெரியாது. கூண்டுக்கு அடியிலிருந்து தட்டை இழுத்தபோது, முதுகுக்குப் பின்னால் யாரோ வயசாளி நின்று தொண்டையைச் செருமுவதுபோல் கேட்டது. திரும்பினாள். யாரும் இல்லை. நான்காம் கூண்டு நரி வாயைத் திறந்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. ஆள் வந்தால் மூலையில் ஒடுங்குகிற காட்டு நரி, அன்று நகரவில்லை.

கள்ளத்தனமாகக் கொண்டுவந்து பிடிபட்ட ஆறு நரிகள். கேஸ் முடியும்வரை மலேசியாவின் கிள்ளானில் ஒரு கடைவரிசையின் மாடியில் வைத்திருந்தார்கள். கூண்டு கழுவுவதும் கோழி வெட்டிப் போடுவதும் மூன்று மாதமாக அவள் வேலை.

இரண்டு வாரத்தில் அதன் கழுத்தில் எலுமிச்சை அளவுக்குக் கட்டி. அது உடைந்த மறுநாள் நரி செத்துக் கிடந்தது. விலங்கு டாக்டர் இஷ்ரத் அறுத்துப் பார்த்தபோது லோகேஸ்வரிதான் விளக்கைப் பிடித்தாள். நுரையீரல் முழுக்க வெந்த சவ்வரிசிபோல் வெள்ளை மணிகள்.

"காசநோய்க் கிருமி மாதிரி இருக்கு அக்கா. மாஸ்க்கைக் கழட்டாதீங்க லா."

"மூணு மாசமா மாஸ்க்கே போடலியே டாக்டர்?"

இஷ்ரத் கத்தியைத் துடைத்து வைத்தாள். "எக்ஸ்ரே எடுத்துருவோம்கா."

ஐந்தாம் நாள் லேப்பிலிருந்து போன் வந்தது: காசநோய்தான். அன்று மத்தியானமே மிச்ச ஐந்துக்கும் ஊசி போட்டு, எரிப்பதற்காக வேனில் ஏற்றிப் போய்விட்டாள் இஷ்ரத்.

நாலு மணிக்கே வானம் இருண்டு மழை கூரையில் இறங்க, குளோரின் நெடியும் அதற்கடியில் இன்னும் போகாத நரி மூத்திர வாடையும் தொண்டையை அடைக்க, காலிக் கூண்டுகளின் கம்பி நிழல்கள் ஈரத்தரையில் ஆடுவதைப் பார்க்காமலிருக்க முயன்றபடி லோகேஸ்வரி தேய்த்துக்கொண்டிருந்தாள். மழை ஓய்ந்தது.

இருமல்.

ஆறு கூண்டும் காலி. எண்ணிப் பார்த்தாள். காலிதான்.

மறுபடி. மேலே.

ஏணியில் ஏறி, சீலிங் பலகையைத் தள்ளி, போன் வெளிச்சத்தைக் காட்டினாள். உத்தரங்களுக்கு நடுவே கோழி எலும்புகள். நரித் தட்டுகளில் மிஞ்சியவை. பின்சந்துக் குப்பைத்தொட்டியில் அவளே கொட்டியவை. அதற்கப்பால் ஒரு மூசாங். கூரைகளில் திரியும் சாதாரண மரநாய். விலா தெரிந்தது. கழுத்தில் கட்டி. உடைந்த கட்டி. பின்னால் மூன்று குட்டிகள்.

"போ! சூ!"

ஓடவில்லை. மெல்ல எழுந்தது. கடைவரிசைக்கெல்லாம் ஒரே கூரை; மேலே தடுப்புச் சுவர் கிடையாது. உத்தரத்தின் மேல் பக்கத்து மாடியை நோக்கி நடந்தது. அங்கே ஒரு பலகை விலகி, கீழிருந்து வெளிச்சம் வந்தது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் நர்சரி. சின்னக் குரல்கள் ஒன்றாக மலாயில் எண்ணிக்கொண்டிருந்தன. சத்து. டுவா. தீகா.

மூசாங் அந்த ஓட்டைக்கு மேல் படுத்தது. இருமியது. வாயிலிருந்து எச்சில் நூலாக நீண்டு, வெளிச்சத்துக்குள் இறங்கியது.

எண்ணுவது நின்றது.

கீழே ஒரு பிள்ளை இருமியது. பிறகு இன்னொன்று.