மீண்டும் மஞ்சளான நீர்

பெண்ணையாற்றின் நீர்ப்பரப்பில் அந்திச் சிவப்பு மெல்லக் கரைய, கீழ்வானில் முழுமதி எழுந்துகொண்டிருந்த அந்த ரம்மியமான வேளையில், வெண்ணாவல் கோட்டையின் தலைவாசலில் மஞ்சள்நீர்க் கிண்ணமேந்தி நின்றாள் குறுநில மன்னரின் ஒரே மகள் கொற்றவல்லி. தந்தையோ தொலைதூரப் போர்முனையில்; கருங்குன்றத்துப் பகைப்படையோ அக்கரையில் பாசறை அமைத்திருந்தது. கோட்டை மக்களைக் காக்கும் பொறுப்பு முழுவதும் அவள் தலையில். அதனால் அவள் முகம் வாடியிருக்கும் என்று நினைத்தீர்களானால், வாசகர்களே, அவளை உங்களுக்குத் தெரியாது!

நட்பு நாட்டிலிருந்து உதவிப்படை வருவதாகச் செய்தி கொண்டுவந்த தூதன் ஒருவன் படகிலிருந்து இறங்கி வந்தான். மஞ்சள்நீரில் கை நனைத்து, எலுமிச்சம்பழம் பெற்று உள்ளே நுழைபவன் விருந்தினன். அவன்மீது எவரும் ஆயுதம் எடுக்கலாகாது என்பது அக்கோட்டையின் வழக்கம். தூதன் கை நனைத்தான். நீர் குபீரென்று சிவந்தது.

நல்ல சகுனம் என்று மகிழ்ந்தே போனாள் கொற்றவல்லி. ஆசனம் கொண்டுவரச் சொல்லித் திரும்பியவள், மறுபடி பார்த்தபோது கிண்ணத்தில் நீர் பழையபடி மஞ்சளாக இருந்தது. எலுமிச்சை வாசனை கமகமவென்று வீசியது. ஆகா, கெட்டிக்காரன்தான்!

"தூதரே! ஆலத்தி போலச் சிவந்த நீரைக் கண்டு எவரும் மகிழ்வார்களே. தாங்கள் ஏன் பழத்தைப் பிழிந்து மாற்றினீர்கள்?"

"நானா? இல்லையே, தேவி!"

"மஞ்சள் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும், புளிப்பு பட்டால் மீண்டும் மஞ்சளாகும். தங்கள் கையில் சுண்ணாம்பு இருந்தது, அது எனக்குத் தெரியக் கூடாது என்று அஞ்சினீர்கள். வெறும் வெற்றிலைச் சுண்ணாம்பானால் அஞ்சுவானேன்? இங்கே ஈரச் சுண்ணாம்பு இருப்பது ஒரே இடத்தில்தான். ஆற்றங்கரையிலிருந்து கோட்டைக்குள் வரும் எங்கள் இரகசியச் சுரங்கத்தில், நேற்று வெள்ளையடித்த சுவரில்!"

வீரர்களின் வாள்கள் உருவப்பட்டன. சுரங்கத்தின் இரகசியத்தோடு இவன் திரும்பினால் விடிவதற்குள் கோட்டை வீழ்ந்துவிடும் என்பது அவளுக்குப் புரிந்தது. ஆனாலும் கையுயர்த்தி வீரர்களைத் தடுத்தாள்.

"வாள்களை உறையில் இடுங்கள்! கை நனைத்தவர் நம் விருந்தினர். கதவை மட்டும் சாத்துங்கள்."

அவன் வாய்விட்டுச் சிரித்தபடி தலைப்பாகையைக் களைந்தான். "கருங்குன்றத்து இளவரசன் சேந்தன் பூதி வணங்குகிறேன். வழியை நானே அளந்து பார்க்க வேண்டும் என்ற திமிரில் தனியாக வந்தேன். அளந்த பின் உள்ளே காவல் எப்படி என்று பார்க்கவே இந்தத் தூதன் வேடம். சுரங்கம் இருப்பதை எங்கள் பக்கத்தில் என்னையன்றி எவரும் அறியார். பழத்தைப் பிழியாமல் இருந்திருந்தால் தப்பியிருப்பேன் அல்லவா?"

"சந்தேகமென்ன? தங்கள் அறிவே தங்களைக் காட்டிக்கொடுத்தது."

சேந்தன் வாளை உருவி, நெற்றியில் ஒற்றிக்கொண்டான். "இந்த வாள்மீது ஆணை! சுரங்கத்தைப் பற்றி என் வாய் திறக்காது. என் தந்தையின் படை திரும்பிப் போகும்வரை இக்கோட்டையைவிட்டு ஓர் அடியும் வெளியே வையேன். அவருக்கு ஓலை எழுதித் தருகிறேன்; மகன் இங்கிருக்கையில் அவர் போர் தொடுக்க மாட்டார்."

கொற்றவல்லிக்குப் பெருமை பொங்கியது. ஒரு துளி இரத்தம் சிந்தாமல் கோட்டையைக் காத்துவிட்டாள்!

"படை போன பிறகு, தேவி, நான் மறுபடியும் வரலாமா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டான் சேந்தன்.

அவள் கன்னம் சிவந்தது. தலை மட்டும் தாழவில்லை.

"வரலாம். பெரியவர்களோடு, தலைவாசல் வழியாக, பெண் கேட்டு!"