கண்... கை... ஆணி!

"ஐயோ...!"

அக்கோ மீன் சந்தையே அந்த அலறலில் வெட்டுக்கத்தியைக் கீழே வைத்தது.

அலறியவர் மீன் கடைக்காரர் ஹபீப். காலையில் குளிர் அறையைத் திறந்தவர், வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பத்தே நிமிடத்தில் இன்ஸ்பெக்டர் திர்ட்ஸா வக்னின் உள்ளே நுழைந்தாள். கையில் பாதி கடித்த சீஸ் புரேக்காஸ் பலகாரம்.

பார்த்தாள்.

மீதியைக் குப்பையில் எறிந்தாள்.

உறைந்த மீன்களுக்கு நடுவே பின்ஹாஸ் ஸ்ரிஹேன் கிடந்தான். ஹபீப்பின் கடையில் மீன் எடை போடுகிறவன். வலது உள்ளங்கை ஒரு மரப்பெட்டியின் மேல் விரிந்திருந்தது. நடுவில்...

ஒரு ஆணி!

சுவரில் கரியால் மூன்று உருவங்கள். ஒரு வட்டம். விரல் விரித்த கை மாதிரி ஒன்று. ஒரு கொக்கி.

"என்ன கருமம் இது, நபீஹ்?"

சார்ஜன்ட் நபீஹ் மூக்கைக் கைக்குட்டையால் பொத்தியிருந்தான்.

"பழைய எபிரேய எழுத்து மேடம். அயின், காஃப், வாவ். சேர்த்துப் படிச்சா அக்கோ. நம்ம ஊர் பேரு."

"உனக்கெப்படித் தெரியும்?"

"ஊருக்கே தெரியும். குறி சொல்ற மல்கியேல் ஒஹானா போன வாரம் கூட்டம் போட்டுச் சொன்னானே! ஒவ்வொரு எழுத்தும் ஒரு படமாம். வட்டம்னா கண்ணு, விரல்னா உள்ளங்கை, கொக்கின்னா ஆணி. 'ஏழு நாளைக்குள்ள இந்த ஊரு தன் பேரோட அர்த்தத்தைக் கண்ணால பார்க்கும்'னான்."

"இன்னிக்கு எத்தனாவது நாள்?"

"ஏழு!"

வெளியே அதற்குள் கூட்டம். வெள்ளை அங்கி, வெள்ளைத் தாடியோடு ஒஹானா ஒரு மீன் பெட்டி மேல் ஏறி நின்றிருந்தான்.

"நான் சொல்லல... எழுத்து சொல்லுச்சு!"

"ஆசானே!" என்று ஒருத்தி ஓடி வந்து அவன் கையை முத்தமிட்டாள். செல்போன்கள் உயர்ந்தன.

மீன் நாற்றமே தேவலை என்றிருந்தது திர்ட்ஸாவுக்கு.

ஹபீப் அவள் காதருகே வந்தார்.

"அந்த ஒஹானாவுக்கு எழுத்தையெல்லாம் சொல்லிக் கொடுத்ததே பின்ஹாஸ்தாம்மா. படிப்புன்னா உசுரு அவனுக்கு. நேத்து மத்தியானம் புலம்பினான்."

"என்னன்னு?"

"'இந்த ஊர் பேருக்கு என்ன அர்த்தம்னு எவனுக்கும் உறுதியாத் தெரியாது. இவன் என்னடான்னா கண்ணு, கை, ஆணின்னு கதை அளந்து சனங்களை ஏமாத்துறான். நாளைக்குக் கூட்டத்துல எல்லார் முன்னாடியும் உண்மையைச் சொல்லிடப் போறேன்'னான்."

"இது ஒஹானாவுக்குத் தெரியுமா?"

"அவன்கிட்டயும் சொல்லிட்டேன்னு சொன்னாம்மா... பாவி!"

மதியம். போலீஸ் ஸ்டேஷன்.

ஏலக்காய் மணக்கும் காப்பியை ஒஹானா ரசித்து உறிஞ்சினான்.

"பின்ஹாஸ் செத்தது நேத்து சாயங்காலம் நாலு மணிக்கு," என்றாள் திர்ட்ஸா. "அப்ப நீ எங்க இருந்த?"

"ஹைஃபாவுல! முந்நூறு பேர் முன்னாடி பேசிட்டிருந்தேன்!"

"தெரியும். வீடியோ பார்த்தேன். அதனால கொலை உன் தலையில விடியாது."

ஒஹானா மூச்சு விட்டான்.

"ஆனா ஆறு மணிக்கு, கடை மூடின பிறகு, நீ உள்ள போறது தெருமுனை கேமராவுல இருக்கு. கையில ஒரு பையோட. அப்ப அவன் உயிரோட இருந்தானா?"

ஒஹானாவின் கண்கள் அலைந்தன. கணக்குப் போட்டன.

"இல்லம்மா! செத்துக் கிடந்தான். பார்த்ததும் எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு!"

"அப்ப ஆணி?"

ஒஹானா காப்பிக் கோப்பையைத் திருப்பித் திருப்பி வைத்தான்.

"ஒஹானா... ஆணி அடிச்சது யாரு?"

"நான்தான்! செத்தவனுக்கு வலிக்கவா போகுது? விடிஞ்சா ஏழாவது நாள். ஊர்ல ஒரு துரும்பும் அசையல. என்னை நம்புற சனங்க என்ன நினைப்பாங்க? அவன் என் சிநேகிதன்... என் மானத்தைக் காப்பாத்த ஒரு கை கொடுத்தான்னு வெச்சுக்கோங்களேன்!"

சொல்லிவிட்டுச் சிரித்தான்.

திர்ட்ஸா தன் காப்பியைத் தள்ளி வைத்தாள். காகிதத்தை அவன் முன் நீட்டினாள்.

"சொன்னதை எழுது. கையெழுத்துப் போடு."

எழுதினான். போட்டான்.

"அபராதத்தோட விட்டுருவீங்கல்ல?"

அவள் மேஜை மேல் ஒரு போட்டோவை வைத்தாள். ஆணி பிடுங்கிய மரப்பெட்டி.

"பலகை முழுக்க என்ன ஊறியிருக்கு?"

"ர... ரத்தம்."

"பொணத்துக்கு இப்படி ரத்தம் கொட்டாது. இதயம் அடிச்சிட்டிருக்கணும்."

"நாலு மணிக்கே செத்துட்டான்னு நீங்கதானே..."

"நான்தான் சொன்னேன். டாக்டர் சொன்னது ஒன்பது மணி! வயித்துல நீ கலந்து குடுத்த தூக்க மருந்து. உயிரோட இருக்கிறவன் கையில ஆணி அடிச்சு, குளிர்ல பூட்டிட்டு வந்திருக்க. மூணு மணி நேரம் அங்கேயே கிடந்து விறைச்சுச் செத்திருக்கான்... உனக்கு எழுத்து சொல்லிக் கொடுத்த மனுஷன்!"

ஒஹானாவின் முகம் அங்கியை விட வெளுத்தது.

நபீஹ் விலங்கை மாட்டினான்.

"மேடம், ஜெயிலுக்கு எபிரேயத்துல 'கெலே'ன்னுதானே எழுதுவோம்? அதைப் பழைய எழுத்துல எழுதினா என்ன படம் வரும்னு இவன் புத்தகத்துலயே பார்த்தேன். உள்ளங்கை, தார்க்குச்சி, மாடு!"

திர்ட்ஸா எழுந்து கதவைத் திறந்துவிட்டாள்.

"சரியாத்தான் இருக்கு. தார்க்குச்சி வார்டன் உள்ளங்கையில இருக்கும்... நீ மாட்டை வண்டியில ஏத்து!"