முவான்சாவிலிருந்து பெரியம்மா

"ஏறிட்டேன். வந்து கூட்டிட்டுப் போ."

காலை பத்து மணிக்குக் கெமிலெம்பேயின் அம்மாவுக்கு வந்த செய்தி இவ்வளவுதான். அனுப்பியவர் ஏரிக்கு அக்கரையில், முவான்சாவில் இருக்கும் பெரியம்மா. திரும்பக் கூப்பிட்டால் அவருடைய போன் அணைந்திருந்தது.

இரண்டு வருடங்களாகப் பெரியம்மா தங்கையோடு பேசுவதில்லை. போன தடவை அவர் எங்கள் ஊரான புக்கோபாவுக்கு வந்தபோது துறைமுகத்தில் கூட்டிப்போக ஆள் இல்லை. மூன்று மணி நேரம் பெட்டியின் மேலேயே உட்கார்ந்திருந்தவர், வீட்டுக்கு வராமலே அடுத்த கப்பலில் திரும்பிவிட்டார். ரோஷத்தில் அவரை மிஞ்ச எங்கள் ஏரிக்கரையில் ஆள் கிடையாது.

"இந்தத் தடவை தப்பு நடக்கக் கூடாது. நாளைக்கு விடியறதுக்கு முன்னாடியே துறைமுகத்துல நிப்பேன்" என்றாள் அம்மா, கெமிலெம்பேயின் குட்டித் தம்பிக்குத் தலையில் சோப்புப் போட்டபடி.

'ஏறிட்டேன்' என்று சொன்னவர் மறுநாள் காலையில் இறங்குவார். எங்கள் ஊரில் அதுதான் கணக்கு.

பத்து வயது கெமிலெம்பே மட்டும் யோசித்தாள்.

"அம்மா, கப்பல் ராத்திரிதானே கிளம்பும்? காலைல பத்து மணிக்கு எதுல ஏறுவாங்க?"

"அப்போ பஸ்ஸா இருக்கும்."

"பஸ் விடியக்காலைலயே போயிருக்கும்மா. விமானத்துலதான் ஏறியிருக்காங்க."

"உங்க பெரியம்மாவா, விமானத்துலயா? அப்படியே இருந்தாலும், பஸ்ஸே நாள் முழுக்க ஓடுது. சாயங்காலம் போனா போதும்."

"பஸ் ஏரியைச் சுத்திட்டு வருதும்மா."

கெமிலெம்பே பள்ளிக்கூட வரைபடத்தை விரித்தாள். தையல் நூலை இரண்டு ஊர்களுக்கும் நடுவே, ஏரியின் மேல் நேராக இழுத்துப் பிடித்தாள். பிறகு நூலை அளந்து கணக்குப் போட்டாள்.

"நூத்தி எழுபத்தஞ்சு கிலோமீட்டர்தான். சின்ன விமானமே மணிக்கு முந்நூறு போகும்னு டீச்சர் சொன்னாங்க. ஏறி இறங்கறதையும் சேர்த்தா முக்கால் மணி நேரம்."

மணி பத்து இருபது. அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது.

"நீ தம்பியைப் பாரும்மா. நான் ஓடறேன்" என்றாள் கெமிலெம்பே.

விருந்தாளிக்கு மென்று தின்னக் கொடுக்கும் காபிக் கொட்டையில் ஒரு பிடியை வாழையிலையில் சுருட்டிக்கொண்டு, அவள் சரிவில் இறங்கி விமான நிலையத்துக்கு ஓடினாள். பாதி வழியில் தலைக்கு மேலே விமானம் தாழ்வாகப் போனது. கொஞ்சம் மெதுவாகப் போகச் சொல்லிக் கெஞ்சினாள். அது எங்கே கேட்கப் போகிறது?

பெரியம்மா கோபப்படத் தயாராகத்தான் வெளியே வந்தார். எதிரே கெமிலெம்பே மூச்சிரைக்க, பெரியவர்களை வரவேற்கும் வழக்கப்படி மண்டியிட்டு, இரண்டு கைகளாலும் காபிக் கொட்டையை நீட்டினாள்.

"எங்கே உங்க அம்மா?"

"தம்பியைக் குளிப்பாட்டறாங்க பெரியம்மா. நீங்க கப்பல்ல வர்றீங்கன்னு நினைச்சாங்க. நாளைக்கு விடியறதுக்கு முன்னாடியே துறைமுகத்துல நிக்கறதா இருந்தாங்க."

"நாளைக்கா? நான் விமானம்னு சொல்லலையா?"

"சொல்லலை பெரியம்மா."

பெரியம்மா ஒரு கொட்டையை வாயில் போட்டு வெகுநேரம் மென்றார்.

"போன தடவையும் எந்தக் கப்பல்னு நான் சொல்லலை" என்றார் மெதுவாக. "உங்க அம்மாகிட்ட நீ வாயைத் திறக்காதே. நானே சொல்லிக்கறேன்."

வீட்டு வாசலில் அம்மா சோப்புக் கையோடு நின்றிருந்தாள். பெரியம்மா சொல்லவந்ததைச் சொல்லி முடிப்பதற்குள் இருவருக்கும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டன. அதன் பிறகுதான் அடுப்பில் வாழைக்காய் ஏறியது. பெரியம்மா ஏரியைத் தாண்டியதைவிட அது வேக அதிக நேரம் ஆயிற்று. யாருக்கும் அவசரம் இல்லை.