கழுவிய சட்டி

ஜீவராஜ் ராத்திரி ரொட்டியைத் தொடவில்லை. கட்டச் சம்பலோடு கொடுத்தால் நாலு ரொட்டி தின்கிற மனிதன், பசிக்கவில்லை என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். நாகலெட்சுமிக்கு நெருடியது. தேயிலைத் தோட்டத்து லயத்தில் வீடுகளைப் பிரிக்கும் பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம், பிரியந்தியின் வீட்டிலிருந்து பூண்டு போட்ட காளான் கறி வாசம் இன்னும் வந்துகொண்டிருந்தது.

"அங்க சாப்பிட்டீங்களா?"

"இல்லடி. சும்மா கேட்டுக்கிட்டே இருக்காத."

அவளுக்கு வயிறு எரிந்தது. பிரியந்தியின் புருஷன் கொழும்பில் கடை வேலை. பல்பு மாற்றவும் விறகு பிளக்கவும் இங்கே "ஜீவா அண்ணே" வேண்டும். அண்ணனாம், பெரிய அண்ணன். அவள் கையால் ஒரு வாய் தின்றாலும் என் மூஞ்சியில் முழிக்கக் கூடாது என்று போன மாதம்தான் மாரியம்மன் படத்துக்கு முன்னால் சத்தியம் வாங்கியிருந்தாள்.

விடியும் நேரத்தில், தகரத்தில் பனி சொட்டிக்கொண்டிருக்கையில், தடுப்புக்கு அப்பால் ஓங்கரிக்கும் சத்தம் கேட்டது. ஜீவராஜ் அதற்குள் ரெண்டு தடவை டோர்ச்சோடு கொல்லைப்பக்கம் போய் வந்திருந்தான். குளிர் ஒத்துக்கொள்ளவில்லையாம்.

நாகலெட்சுமி ஓடிப் போனபோது பிரியந்தி அடுப்படியில் சுருண்டு கிடந்தாள். "டப்பன்டைன் மரத்தடியில பறிச்சேன்க்கா. பூண்டு போட்டுப் பாத்தேன், கறுக்கல. நல்ல காளான்னுதான்..."

லயத்தில் எல்லோரும் நம்புகிற சோதனை அது. பூண்டு கறுக்காத விஷக் காளானும் உண்டு என்று அங்கே தெரிந்தவள் நாகலெட்சுமி ஒருத்திதான். தோட்டத்தில் முதலுதவி படித்தவள். பிரியந்தியை இடப்பக்கம் சரித்துப் படுக்க வைத்தாள், வாயைத் துடைத்தாள். புளித்தண்ணீர் கரைத்துக்கொண்டு ஓடிவந்த பக்கத்து வீட்டு வேலாயியை, வாந்தி எடுக்க வைக்கக் கூடாது என்று தடுத்தாள்.

"அக்கா, அண்ணனக் கேளுங்க, அவரும்..."

"அவரு பேர எடுக்காத."

மத்தியானம் வாந்தி நின்றது. பிரியந்தி எழுந்து உட்கார்ந்து பாலில்லாத சாயத்தண்ணி குடித்தாள், சிரிக்கக்கூடச் செய்தாள். முதலுதவி வகுப்பில் நர்ஸம்மா படித்துப் படித்துச் சொன்னது நாகலெட்சுமிக்கு நன்றாக நினைவிருந்தது. காளான் என்றால் வாந்தி நின்றாலும் நம்பாதே, உள்ளே ஈரல் வெந்துகொண்டிருக்கும், மிச்சக் கறியை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடு. ஆனால் யார் தூக்கிக்கொண்டு ஓடுவது? ஜீவராஜ்தான். அவன் தோளில் அவள் தலை. கட்டிலருகே அவன், ராத்திரி முழுக்க.

"சரியாயிருச்சே. எதுக்கு ஆஸ்பத்திரி?" என்றாள்.

மிச்சக் கறியைச் சாக்கடைக் கானில் கொட்டினாள். தேங்காய் நாரில் சாம்பல் தொட்டுச் சட்டியைத் தேய்த்தாள். கரக், கரக். மூஞ்சி தெரியும்வரை தேய்த்துவிட்டுத்தான் எழுந்தாள்.

மறுநாள் அந்தியில் பிரியந்தி பேச்சில்லாமல் விழுந்தாள். வேலாயிதான் லொறியில் ஏற்றிக்கொண்டு போனாள். நாகலெட்சுமி அந்த வீட்டைப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். காய்ச்சல் என்று வேலைக்கும் போகாமல் படுத்திருந்த ஜீவராஜுக்கு அவள் எதையும் சொல்லவில்லை.

விடிகாலையில் போன் அடித்தது. வேலாயி.

"புள்ள செத்துப் போச்சு. என்ன காளான்னு டொக்டர் கேட்டாரு. மிச்சம் இருந்தா மொதல்லயே கொண்டாந்திருக்கணும்னாரு. வேற யாரும் தின்னாங்களான்னும் கேக்குறாரு."

"இல்ல" என்றாள் நாகலெட்சுமி.

"நாகு." பின்னாலிருந்து ஜீவராஜின் குரல். மெலிந்த குரல். "லைட்டப் போடு."

போட்டாள்.

அவன் கண் மஞ்சளாக இருந்தது. முழு மஞ்சள்.

"ரெண்டு வாய்தான் தின்னேன். நீ திட்டுவேன்னு சொல்லல."

அவள் முந்தானையைத் தடவினாள். சாவி இருந்தது.

பலகைக்கு அந்தப் பக்கம், பூட்டிய வீட்டுக்குள், சாம்பல் தொட்டுச் சட்டி தேய்க்கிற சத்தம்.

கரக். கரக்.